பந்தலூர் மலையோரத்தில் ஒரு கல்லூரிச் சேர்க்கை வழிகாட்டல் மையம்: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் வட்டத்தில், கேரள எல்லைக்குச் சில கிலோமீட்டர் இப்பால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் வழிகாட்டும் தன்னார்வ மையம் ஒன்று கட்டணம் வாங்காமல் இயங்கி வருகிறது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. இருக்கும் வழிகாட்டிகளைக் கொண்டு இதற்கு மேல் பிள்ளைகளை ஏற்க முடியாது என்பதால், விளம்பரம் வேண்டாம் என்று நடத்துபவர்களே கேட்டுக்கொண்டார்கள். வட்டத்திலுள்ள மேல்நிலைப் பள்ளிகளில் விசாரித்தால் இடம் சொல்வார்கள். மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் நான் என் மாணவர்களை ஆண்டுதோறும் அங்கே அனுப்பி வருகிறேன். பெற்றோர் பலர் அதைப் பற்றி என்னிடம் கேட்பதால், நிறைகளையும் குறைகளையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

அங்கே வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் லைன் வீடுகளிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளிலிருந்து, வருகிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தொடங்கப்பட்ட தோட்டங்கள் அவை. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தாம் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறார்கள். வழிகாட்டிகளும் இதே மலையிலிருந்து உதகைக்கும் கோவைக்கும் படிக்கப் போனவர்கள் என்பதால், பிள்ளைகள் அவர்களை அண்ணா, அக்கா என்றே அழைத்து, எங்களிடம் கேட்கத் தயங்குவதையெல்லாம் அவர்களிடம் கேட்டுவிடுகிறார்கள்.

மேடை போட்டு, வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து, 'கனவு காணுங்கள்' என்று பேச வைக்கும் நிகழ்ச்சிகள் எங்கள் பகுதியில் ஏராளம். இந்த மையம் அந்த வேலையைச் செய்வதில்லை. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தவுடன் அதன் கையில் ஒரு கோப்பைக் கொடுத்து, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை அடுத்த மாதத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். வெறும் எழுத்தர் வேலையாகத் தோன்றும் இதுதான், என் கணிப்பில், மையத்தின் தலையாய சேவை. தந்தையின் பெயர் ரேஷன் அட்டையில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், பாட்டனார் கொண்டுவந்த இலங்கைக் காகிதங்களில் மூன்றாவது விதமாகவும் இருக்கும் வீடுகள் இங்கே சாதாரணம். தேர்வு முடிவு வந்த பிறகு மே மாதத்தில் அதைத் திருத்தப் புறப்படும் குடும்பத்துக்கு இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைவதிலேயே விண்ணப்பத் தேதி கடந்துவிடும். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும் என்பதைக்கூடப் பலர் கடைசி வாரத்தில்தான் அறிகிறார்கள். கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகைத் திட்டங்களான புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் ஆகியவற்றின் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். அந்தக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பதை இரண்டாண்டுகளுக்கு முன்பே பார்த்துவிடுவது பெரிய காரியம்.

எல்லையோரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றையும் இவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். எருமாடு, அய்யன்கொல்லி, சேரம்பாடி பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கு வயநாட்டுப் பக்கத்துப் பள்ளி அருகில் இருக்கும். உறவும் வேலையும் அந்தப் பக்கம் இருந்தால் பிள்ளையை இரண்டு மூன்று ஆண்டு அங்கேயே சேர்த்துவிட்டுப் பிறகு அழைத்து வருவார்கள். மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளில் 2021ஆம் ஆண்டிலும் வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு, பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குரியது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதால், பத்து வயதுப் பிள்ளையை எந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தோம் என்ற முடிவுக்கு ஏழாண்டு கழித்து விலை தெரிகிறது. இதை உணர்ந்து, ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டங்களுக்கே வழிகாட்டிகள் போய்ச் சொல்கிறார்கள். கேரளப் பள்ளிகள் மோசமானவை என்ற தொனி அந்தப் பேச்சில் எங்கும் இல்லை. கணக்கை மட்டும் விளக்குகிறார்கள்.

குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்குரிய முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையிலும் இதே நிதானம் தெரிகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் பட்டம் பெற்றிருந்தாலோ, அந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலோ, அடுத்தவருக்கு அது கிடைக்காது. அக்காள் கலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினால் தம்பியின் பொறியியல் கட்டணச் சலுகை போய்விடுமே என்று கணக்குப் போட்டு, பெண்ணை வீட்டில் நிறுத்த நினைத்த ஒரு தந்தையிடம் வழிகாட்டிப் பெண் ஒருவர் பேசியதை நான் அருகிலிருந்து கேட்டேன். "அண்ணாச்சி, தம்பி அரசுப் பள்ளியில் படிக்கிறான், அவனுக்கு 7.5 இருக்கிறது, இவளுடைய மூன்று வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் மதிப்பெண் பட்டியலை அவர் கையிலேயே கொடுத்தார். அவள் இப்போது கூடலூர் அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் படிக்கிறாள்.

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் காலத்தில்தான் எங்கள் மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். தேவாலாவில் மழை பிடித்தால் மின்சாரமும் அலைபேசி அலைவரிசையும் ஒன்றாகப் போகும். விருப்பப் பட்டியலில் தெரிந்த நான்கைந்து கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு, அந்தச் சுற்றில் ஓர் இடமும் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகளை முன்பெல்லாம் பார்த்திருக்கிறேன். கணிதத்தை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் குறுக்கி, 200க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டு, முந்தைய ஆண்டுகளின் நிலவரத்தோடு ஒப்பிட்டு, நீண்ட பட்டியலாக எழுத வைப்பதும், தற்காலிக ஒதுக்கீடு வந்தால் ஏற்பதா, மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்பதைக் குறித்த நேரத்துக்குள் உறுதிசெய்ய வைப்பதும் கோவையில் இருக்கும் வழிகாட்டியின் பொறுப்பு. மழையில் இங்கே தொடர்பு அறுந்தாலும் காரியம் நின்றுவிடாது. இணையக் கலந்தாய்வுக்கான கடவுச்சொல்லை இன்னொருவர் கையில் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்கு முழு நிம்மதி இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் பிள்ளையிடமிருந்து ஒரு குறுஞ்செய்தியாவது வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

குறைகளில் முதலாவது, பொறியியல் மீதுள்ள சாய்வு. வழிகாட்டிகளில் பெரும்பாலோர் பொறியியல் படித்தவர்கள். தங்களுக்குத் தெரிந்த பாதையையே காட்டுகிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர 2022இலிருந்து நடக்கும் க்யூட் பொது நுழைவுத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு அதுவே வாசல். பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்குக் காத்திராமல் விண்ணப்பிக்க வேண்டிய தேர்வு அது என்பதால், முன்கூட்டித் திட்டமிடுவதையே பலமாகக் கொண்ட இவர்கள் அதைக் கோட்டை விடுவது எனக்குப் புரியவே இல்லை.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகள் மையத்தின் பதிவேட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் தொடங்கும் திட்டத்துக்குள், ஒன்பதிலும் பத்திலும் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை எப்படி வந்து சேரும்? எல்லைக் கிராமங்களின் பெற்றோருக்காக ஐந்தாம் வகுப்பு வரை இறங்கிப் போனவர்கள், பழங்குடி உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு எட்டாம் வகுப்பிலாவது போயிருக்க வேண்டும். பணியர் மொழி பேசும் வழிகாட்டி ஒருவரும் இல்லை என்று அவர்கள் சொல்லும் காரணம் உண்மைதான். ஆனால் முதலில் கல்லூரிக்குப் போகும் சிலரைத் தேடிப் பிடித்தால்தான் அப்படிப்பட்ட வழிகாட்டி உருவாக முடியும். கேட்டபோது வரும் கல்வியாண்டில் தொடங்குவதாகச் சொன்னார்கள். நடந்தால் இந்த மதிப்பீட்டைத் திருத்தி எழுதுவேன்.

பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு முதல் பருவம் முடியும் வரை வழிகாட்டிகள் வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேசுகிறார்கள். விடுதிச் சோறு பிடிக்காமலும், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரியாமலும் தீபாவளி விடுமுறைக்கு வந்து திரும்பிப் போகாதவர்கள் எங்கள் பக்கம் உண்டு என்பதால், இது தேவையான ஏற்பாடு.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. பதிவு பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை முடிந்தவுடன் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் போய் நிற்பவர்களுக்குக் கலை அறிவியல் விண்ணப்பத்தில் மட்டும் உதவுகிறார்கள். முதல் நாள் தாயோ தந்தையோ உடன் வந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலைப் பேருந்து குறைவு. சேரம்பாடிக்கு அப்பாலிருந்து வருபவர்கள் காலையிலேயே வந்து, இரண்டு மணிக்குள் புறப்பட்டுவிடுவது நல்லது.