மாங்காய்க் கணக்கில் விளையாட்டுப் புறக்கணிப்பு

2016-இல் போகவில்லை. 2023-இல் போனோம். இரண்டு முடிவிலும் என் பங்கு உண்டு. அதனால்தான் எழுதத் துணிகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கபடிக் குழுவுக்குத் தசரா சமயத்தில் கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு வரும். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூருவில் தமிழ்நாட்டு பஸ்களும் லாரிகளும் எரிந்தன. நம் பஸ்கள் எல்லையில் ஜூஜுவாடியோடு நின்றுவிட, பிள்ளையையும் பையையும் சுமந்துகொண்டு சனங்கள் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளிக்கு நடந்தே போனார்கள். அடுத்த மாதம் அழைப்பு வந்தபோது, போகக் கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் முதலில் எழுந்து சொன்னவன் நான்தான். கைதட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா என்ற பழைய பட்டிமன்றத்துக்குள் நான் போகவில்லை. கொடி ஏற்றி, தேசிய கீதம் பாடி நடத்துகிற போட்டியில் அரசியல் ஏற்கெனவே கலந்துதான் இருக்கிறது. எதிர்ப்பை எப்படிக் காட்டுவது என்பதுதான் கேள்வி. முழுதாகப் போகாமல் இருப்பது ஒரு வழி. போய் விளையாடி, அங்கேயே எதிர்ப்பைக் காட்டுவது இன்னொரு வழி. இடையில் சில உண்டு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில், கல்வான் எல்லை மோதலில் இருந்த சீன ராணுவ அதிகாரியைச் சுடர் ஏந்த வைத்ததற்காக, இந்தியத் தூதரக அதிகாரி தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் போகவில்லை. பனிச்சறுக்கு வீரர் ஆரிஃப் கான் மட்டும் போய்ப் போட்டியிட்டார். 2024 பாரிஸில் ரஷ்யர்களும் பெலாரஸ்காரர்களும் கொடி இல்லாத தனிநபர்களாகக் கலந்துகொண்டார்கள். இவை ஒதுங்கி நிற்கும் வழிகள். பெரிய குற்றமும் இல்லை, பெரிய பலனும் இல்லை.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே கேள்வி: இந்தச் சரக்கு எத்தனை நாள் தாங்கும்?

எங்கள் பக்கத்தில் புளியும் உண்டு, மாவும் உண்டு. புளி வியாபாரி விலையைக் குறைத்தால், சரக்கைக் குளிர்பதனக் கிடங்கில் போட்டுவிட்டு அவன் பக்கமே திரும்பாமல் இருக்கலாம். அடுத்த ஆண்டு கூட விற்கலாம். பெங்களூரா ரக மாங்காயில் இந்த வீம்பு செல்லாது. ஒரு பருவத்தில் கூழ்த் தொழிற்சாலை விலையைச் சரித்தபோது நாங்கள் காய் அறுக்காமல் நிறுத்திப் பார்த்தோம். பத்தே நாளில் தோப்பில் கால் வைத்த இடமெல்லாம் பழம் நசுங்கியது; ஈ மொய்த்தது. தொழிற்சாலைக்காரன் வேறு மாவட்டத்துக் காயை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

விளையாட்டு வீரனின் உடம்பும் மாங்காய்தான். முடிவெடுக்கிற அரசியல்வாதியின் காலம் புளி. தாங்காத சரக்கை வைத்துக்கொண்டு தாங்கும் சரக்கோடு பிடிவாதம் பிடித்தால் யார் முதலில் அழுகுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

1980 மாஸ்கோவையே எடுத்துக்கொள்வோம். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததற்காக அமெரிக்கா தலைமையில் பல நாடுகள் ஒதுங்கின. படை வெளியேறியது 1989 பிப்ரவரியில். அதற்குள் இரண்டு ஒலிம்பிக் கழிந்துவிட்டது. 1980-இல் உச்சத்தில் இருந்த ஓட்டக்காரனுக்கு 1984-இல் கால் அப்படியேவா இருக்கும்? காலி இடமும் காலியாக இருக்கவில்லை. பெண்கள் ஹாக்கியில் ஆள் இல்லாமல் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஜிம்பாப்வே தங்கம் வென்றது. ஆண்கள் ஹாக்கியில் ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி, பாகிஸ்தான் எதுவும் வரவில்லை. நம் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்றது. தமிழ்நாட்டுக்காரர் கையில் வந்த தங்கம். குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் ஆடாமல் போன பாகிஸ்தான்காரனுக்கும் அந்த ஆண்டு ஒரு வயது கூடியிருக்கும் அல்லவா?

பிரிட்டனில் பிரதமர் தாட்சர் போக வேண்டாம் என்றார். ஆனாலும் பலர் போனார்கள், ஒலிம்பிக் கொடியின் கீழ். 1500 மீட்டரில் தங்கம் வென்ற செபாஸ்டியன் கோ அவர்களில் ஒருவர். வராதவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

அதற்கு முந்தைய 1976 இன்னும் வேடிக்கை. நிறவெறி தென்னாப்பிரிக்காவோடு நியூசிலாந்து ரக்பி ஆடியது. நியூசிலாந்தை ஒலிம்பிக்கிலிருந்து விலக்க மறுத்ததால் பல ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரீலிலிருந்து வெளியேறின. 1500 மீட்டரில் அந்தத் தூரத்தின் உலக சாதனையாளர், தான்சானியாவின் ஃபில்பெர்ட் பாயி ஓடவில்லை. தங்கம் வாங்கியவர் ஜான் வாக்கர், நியூசிலாந்துக்காரர்!

பி.டி. உஷாவின் கதையையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் அவரை நூறில் ஒரு பங்கு நொடியில் நான்காம் இடத்துக்குத் தள்ளியவர் ருமேனியாக்காரர். சோவியத் அணி நாடுகள் வராத அந்த ஒலிம்பிக்குக்கு ருமேனியா மட்டும் வந்தது. அதுவும் வராமல் இருந்திருந்தால் உஷாவுக்கு வெண்கலம். மற்றவர்களும் வந்திருந்தால் நான்காம் இடமாவது கிடைத்திருக்குமா என்பது வேறு. யாரோ எங்கோ எடுத்த முடிவில் ஒரு பெண்ணின் ஆயுட்காலப் பேச்சு தொங்கிக்கொண்டிருந்தது.

போய் நின்றவர்களுக்கு வருகிறேன். 1968-இல் அமெரிக்கக் கறுப்பின வீரர்களிடையே மெக்சிகோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும் பேச்சு பலமாக நடந்தது. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட கூடைப்பந்து வீரர் போகவில்லை. டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் போனார்கள். 200 மீட்டரில் தங்கமும் வெண்கலமும் வாங்கி, காலணி இல்லாமல் மேடையேறி, கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள். போகாதவருக்கும் போனவர்களுக்கும் காரணம் ஒன்றுதான், நிறவெறிக்கு எதிர்ப்பு. போகாதவர் செய்தது தியாகம், மறுக்கவில்லை. ஆனால் இன்று வரை உலகம் பார்க்கிற படம் அந்த மேடை. மேடைக்குப் போகாமல் அந்தப் படம் ஏது? அதற்கு விலையும் இருந்தது: இருவரையும் அமெரிக்க அணியிலிருந்து நீக்கி வெளியேற்றினார்கள். ஆனால் ஓடி, வென்ற பிறகு கொடுத்த விலை அது.

இனி எங்கள் கதை. 2016-இல் எங்களிடம் பாடிப் போவதில் சூரன் ஒருவன் இருந்தான். முழங்காலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் கோட்டைத் தாண்டுவான். வயது 23. அந்தப் போட்டிக்கு பெங்களூரு நிறுவனம் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். கூட்டத்தில் அவன் வாய் திறக்கவில்லை. நாங்கள் போகாததால் என்ன நடந்தது? நோட்டீஸில் எங்கள் ஊர்ப் பெயர் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, கோலார் பக்கத்துக் குழுவின் பெயரை எழுதினார்கள். அவ்வளவுதான். மறு ஆண்டு அவன் முழங்கால் போய்விட்டது. இப்போது சரக்கு வேன் ஓட்டுகிறான்.

2023 செப்டம்பரில் மறுபடியும் காவிரி, மறுபடியும் பந்த். அக்டோபரில் அழைப்பு. இந்த முறை நான் போகலாம் என்றேன். பையன்களை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டியவன் அவன்தான். ஓசூர் தாண்டும்போது, "அண்ணா, அன்றைக்கு நாம் வரவில்லை என்று அங்கே மைக்கிலாவது சொன்னார்களா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இறுதிப் போட்டி வரை வந்து தோற்றோம். இரண்டாம் பரிசு. பரிசு கொடுக்க மேடையில் இருந்தவர், தண்ணீர் விடக் கூடாது என்று முந்தின மாதம் சாலையில் உட்கார்ந்து முழங்கிய பிரமுகர். பையன்கள் மேடையேறவில்லை, களத்துக் கோட்டிலேயே வரிசையாக நின்றார்கள். மைக்கில் மூன்று முறை அழைத்தார்கள். கடைசியில் நடுவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். ஒருவர் திட்டினார். இன்னொருவர் அவரை அடக்கிவிட்டு ஏன் என்று கேட்டார். அம்மா வழியில் கன்னடம் பேசும் எங்கள் பையன் ஒருவன் கன்னடத்திலேயே காரணம் சொன்னான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, தம் ஏரி வறண்ட கதையைச் சொன்னார். அரை மணி நேரம் வாக்குவாதம், நடுவில் டீ. 2016-இல் எங்களிடம் யாரும் ஏன் என்று கேட்கவே இல்லை.

என் அனுபவம் இவ்வளவுதான், ஒரு கிராமத்துப் போட்டி. எங்களுக்கு ஆபத்து சில வசவுகள் மட்டுமே. எதிர்ப்புக் காட்டினால் சிறையில் தள்ளும் நாட்டிலிருந்து வரும் வீரனிடம் போய் நில் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

தென்னாப்பிரிக்கா என் கணக்கில் அடங்காத கேள்வி. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியில் அந்த நாட்டோடு ஆட இந்தியா மறுத்தது. ஆடாமலே கோப்பை அவர்களுக்குப் போனது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். விஜய்க்கு அப்போது 20 வயதுதான். அடுத்த இறுதி 1987-இல் வந்தது, சுவீடனிடம் 0-5. இந்தியா அந்தக் கோப்பையை இன்றுவரை வென்றதில்லை. ஆனாலும் 1974 முடிவைத் தவறு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒதுக்கப்பட்ட மக்களே அதைக் கேட்டார்கள். ஒரு நாடு ஒரு முறை அல்ல, பல நாடுகள் பல ஆண்டுகள், வியாபாரத் தடையோடு சேர்த்து ஒதுக்கின. 1964 முதல் 1988 வரை ஒலிம்பிக்கில் அவர்களுக்கு இடமில்லை. நான் கேலி செய்த மாண்ட்ரீலுக்கும் மறு ஆண்டே, தென்னாப்பிரிக்காவோடு விளையாட்டு உறவை ஊக்குவிக்க மாட்டோம் என்று காமன்வெல்த் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அத்தனை பேர் சேர்ந்து நிற்கத் தயார் என்றால் நானும் வேனைத் திருப்பச் சொல்வேன்.

அரசுக்குக் கோபம் வந்தால் மலிவான வழி ஒன்று இருக்கிறது. 2013-இல் இலங்கைப் பிரச்சினைக்காக ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்தத் தமிழக அரசு மறுத்தது. போட்டி புனேவுக்குப் போனது. எதிர்ப்பும் பதிவானது, எந்த ஓட்டக்காரனுக்கும் ஓர் ஆண்டு வீணாகவில்லை.

இந்தத் தசராவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. வேனுக்கு அவனிடமே சொல்லியாகிவிட்டது. டீசல் காசு மட்டும் கொடுத்தால் போதும் என்கிறான்.