எது பவர் அதிகம் என்று கேட்பதற்கு முன்: வலி மாத்திரைகள் ஓர் ஒப்பீடு

அம்மாவின் மாத்திரை டப்பாவை ஒருநாள் மேசையில் கவிழ்த்துப் பார்த்தேன். முழங்கால் தேய்மானத்துக்கு டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை ஓர் அட்டை. தலைவலிக்கென்று தனியாகப் பாராசிட்டமால் ஓர் அட்டை. உறவுக்காரர் ஒருவர் “இது நல்லா கேட்கும்” என்று கொடுத்த இப்யூபுரூஃபன் நாலு மாத்திரை. இவற்றோடு தினமும் சாப்பிடும் பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, இதயத்துக்கான குறைந்த அளவு ஆஸ்பிரின். “இதுல எதைம்மா சாப்பிடுறீங்க?” என்றேன். “வலி எவ்வளவு இருக்கோ அதைப் பொறுத்து” என்றார்.

அம்மா மட்டுமில்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வலி கொஞ்சமென்றால் பாராசிட்டமால், கூடினால் டைக்ளோஃபெனாக், தாங்க முடியாவிட்டால் ஊசி. உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வலி மருந்துகளுக்கு ஒரு படிவரிசை வெளியிட்டது உண்மைதான். ஆனால் அது புற்றுநோய் வலிக்காகப் போட்டது. மூட்டு வலிக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் அதை அப்படியே பொருத்தினால் தப்பான மாத்திரைதான் கைக்கு வரும். மாத்திரையின் பவரைப் பார்ப்பதற்கு முன்பு, அது போய்ச் சேரும் உடம்பின் வயிறு, சிறுநீரகம், இதயம் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

முதலில் பாராசிட்டமால். வயிற்றைப் புண்ணாக்காது, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் பெரும்பாலும் இதைத்தான் மருத்துவர்கள் முதலில் தருகிறார்கள். ஆனால் வீக்கத்தைக் குறைக்கும் வேலை இதற்குக் கிட்டத்தட்ட இல்லை. ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், திடீர் இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால் எடுத்தவர்களும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களும் ஒரே வேகத்தில்தான் குணமானார்கள். முழங்கால் தேய்மானத்திலும் பலன் சிறியதுதான். இதன் ஆபத்து கல்லீரலில் இருக்கிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, கலவை வலி மாத்திரை என எல்லாவற்றிலும் இது ஒளிந்திருப்பதால் கணக்கு தப்புவது ரொம்ப சுலபம். அளவு மீறினாலும் முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடலாம். கல்லீரல் கெடுவது இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால் “ஒன்றும் செய்யவில்லையே” என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்து இப்யூபுரூஃபன், நேப்ராக்ஸன், டைக்ளோஃபெனாக் வகை. சுளுக்கு, மூட்டு வீக்கம், தேய்மான வலி போன்றவற்றுக்குப் பாராசிட்டமாலை விட இவை நன்றாகவே கேட்கும். வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இவை தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. வயிற்றின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். வலியை நிறுத்தும்போது அந்தக் காவலும் சேர்ந்து போகிறது. “சாப்பிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது”, “ஊசியாகப் போட்டால் வயிறு தப்பித்துவிடும்” என்பவை இரண்டுமே தவறு. மருந்து ரத்தத்தில் கலந்தும் வயிற்றுப்புண்ணை உண்டாக்கும்.

இந்த வகைக்குள்ளே எதை எடுப்பது என்பதில்தான் உண்மையான வித்தியாசங்கள் இருக்கின்றன. இப்யூபுரூஃபன் சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் வெளியேறும். ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் எடுப்பதென்றால் ஒரு நாளில் 1,200 மி.கி.-க்கு மேல் போகக்கூடாது. கால் பிசகி இரண்டு நாள் வலிக்கிறது, வேறு நோய் எதுவும் இல்லை என்றால் என் முதல் தேர்வு இதுதான். நேப்ராக்ஸன் நின்று நிதானமாக வேலை செய்யும், நாளைக்கு இரண்டு வேளை போதும். இதயத்தைப் பொறுத்தவரை இந்தக் கூட்டத்தில் ஓரளவு பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. ஆனால் வயிற்றுக்கு இப்யூபுரூஃபனை விடக் கடுமை. டைக்ளோஃபெனாக் மூட்டு வலிக்கு நன்றாகக் கேட்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் எச்சரித்தது. இத்தனை வீடுகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் மாத்திரைக்கு இப்படியொரு எச்சரிக்கை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்பதே என் கவலை.

இதே வகையில், வயிற்றைக் காப்பாற்றவென்று வந்த வலி மாத்திரைகள் செலிகாக்ஸிப், எட்டோரிகாக்ஸிப். வயிற்றுப்புண் அபாயம் இவற்றில் குறைவு. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்ஸிப் 1999-ல் சந்தைக்கு வந்து, மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்ததும் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. செலிகாக்ஸிப் மீதும் அந்தப் பயம் படிந்தது. 2016-ல் வெளியான பெரிய ஆய்வு, மிதமான அளவில் அது இப்யூபுரூஃபனையும் நேப்ராக்ஸனையும் விட இதயத்துக்கு மோசமில்லை என்று காட்டியது. எட்டோரிகாக்ஸிப் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆகாது. சிறுநீரகம் என்று வந்தால் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு கிடையாது, எல்லாமே பாதிக்கும். கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகும் மருத்துவர் சொல்லாமல் இந்த வகையில் எதையும் எடுக்கக்கூடாது.

இப்போது அம்மாவின் டப்பாவுக்கு வருவோம். பிரஷருக்கு அவர் எடுப்பது ராமிப்ரில் வகை. அதோடு நீர் மாத்திரையும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் மூன்றும் மூன்று பக்கமிருந்து சிறுநீரகத்தை நெருக்கும். இப்யூபுரூஃபனுக்கு வேறொரு குணமும் உண்டு: ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தை முந்திக்கொண்டு பிடித்துவிடும், இதயத்துக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு குறைந்துவிடும். பாராசிட்டமாலோ இரண்டு அட்டைகளில் இரண்டு பெயரில் இருந்தது.

அப்படியானால் அவருக்கு எது? மருத்துவர் தந்தது டைக்ளோஃபெனாக் ஜெல். மாத்திரையோடு ஒப்பிட்டால் சுமார் 6 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போகிறது. முழங்கால், கைவிரல் போலத் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டுக்கு நன்றாக வேலை செய்யும். ஆழத்தில் இருக்கும் இடுப்பு மூட்டுக்கு எதிர்பார்க்க வேண்டாம். பட்டாணி அளவு எடுத்து ஒருமுறை தேய்த்துவிட்டு “இது கேட்கவில்லை” என்று மூடி வைப்பவர்கள் நிறைய. 1 சதவீத ஜெல்லுக்கு ஒரு முழங்காலுக்கு ஒருவேளைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு வேளை என்பது பரிந்துரைக்கப்படும் அளவு. உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் நாம் நினைத்ததை விட நிறைய இருக்கும். ஒரு வாரமாவது விடாமல் தடவிய பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தசை தளர்த்தும் மாத்திரைகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிசானிடின் போன்றவை பிடிப்புக்குச் சில நாள் உதவலாம்; தூக்கம் தள்ளும், வண்டி ஓட்டக்கூடாது. சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் டிசானிடினைத் தொடவே கூடாது.

பவர் அதிகம் என்று நினைக்கப்படும் ஓபியாய்டு வகையின் (மார்பின், டிரமடால் போன்றவை) கதைதான் வியப்பானது. 2018-ல் அமெரிக்காவில் வெளியான ஓராண்டு ஆய்வில், நாள்பட்ட முதுகுவலி, மூட்டுத் தேய்மான வலிக்கு ஓபியாய்டுகள் மற்ற மாத்திரைகளை விட ஒரு படிகூட மேலே நிற்கவில்லை. 2023-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், திடீர் இடுப்பு, கழுத்து வலிக்கு வெற்று மாத்திரையையே அவை மிஞ்சவில்லை. மலச்சிக்கல், மயக்கம், அடிமையாகும் அபாயம் மட்டும் மிச்சம். டிரமடால் வலிப்பையும் தூண்டக்கூடும்.

வலியின் பெயர் மாறினால் இந்த ஒப்பீடே மாறிவிடும். காலில் எரிச்சலும் மரத்துப் போவதுமாக இருந்தால் அது நரம்பு வலியாக இருக்கலாம், மருந்துகள் வேறு. முடக்கு வாதத்தில் வலி மாத்திரை வலியை மட்டும் மறைக்கும், உள்ளே மூட்டு அரிபட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்து. அது வாரம் ஒருமுறை மட்டும் எடுப்பது. தினசரி மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால் வீட்டில் யாருக்காவது அதை எழுதிக் கொடுத்திருந்தால், எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

அம்மா இப்போது ஜெல் தடவுகிறார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் செய்கிறார். வலி முழுதாகப் போகவில்லை. கூடும் நாளில் மட்டும் பாராசிட்டமால் எடுக்கிறார். டைக்ளோஃபெனாக் மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் பலவீனமானால் ஏறும் கிரியாட்டினின் அளவு இறங்கியிருந்தது.