டிரான்ஸ்-கபோனே ரயில்: சில வருடப் பயணங்களுக்குப் பிறகு

மத்திய ஆப்பிரிக்காவின் கபோனில் ரயில் என்றால் ஒரே ஒரு பாதைதான். தலைநகர் லிப்ரவிலுக்குத் தெற்கே ஒவெண்டோ துறைமுகத்தில் தொடங்கி, காட்டைக் குறுக்கே கடந்து, 650 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னாக ஃப்ரான்ஸ்வில் நகரில் முடிகிறது. பக்கத்து நாடுகளோடு இணைப்பு கிடையாது. இணைக்க நினைத்தாலும் சுலபமில்லை, தண்டவாள அகலம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு. கேமரூனில் மீட்டர் கேஜ், காங்கோவில் 1,067 மி.மீ., இங்கே 1,435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜ்.

எனக்கு லிப்ரவிலை ஒட்டிய என்கோக் பொருளாதார மண்டலத்தில், ஒரு வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஆலைக்கு மரம் வாங்கித்தரும் வேலை. உருட்டு மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதை 2010-ல் கபோன் தடை செய்தது. அதன் பிறகு இந்த மண்டலத்தில் ஆலைகள் பெருகின; இந்தியர்கள் நடத்துபவையும் அவற்றில் நிறைய. பிளைவுட்டுக்கு உயிரான ஒகூமே மரம் பூவே, லாஸ்தூர்வில் பக்கத்துக் காடுகளிலிருந்து வருகிறது. கிடங்கில் கட்டையைத் தட்டிப் பார்த்து, வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணால் கண்டபிறகுதான் விலை பேச முடியும். அதனால் இந்த வண்டியும் நானும் பழகிவிட்டோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது பயணிகளும் ஏறிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிற கூட்ஸ் பாதை. மொவாண்டாவில் வெட்டும் மாங்கனீசுத் தாது முழுக்க இதில்தான் கடலுக்கு வருகிறது. உலகில் மாங்கனீசு அதிகம் எடுக்கும் நாடுகளில் கபோனும் ஒன்று. ரயில் வருவதற்கு முன் அந்தத் தாது 76 கிலோமீட்டர் நீள ரோப்வேயில் தொங்கிக்கொண்டு காங்கோ எல்லையைத் தாண்டி, இம்பிண்டாவில் ரயிலேறி, புவாந்த்-நுவார் துறைமுகத்துக்குப் போனது. சொந்த நாட்டுச் சரக்கு அடுத்த நாட்டு வழியாகப் போவதை எந்த அரசு விரும்பும்?

ஆனால் பாதை முதலில் திட்டமிடப்பட்டது மாங்கனீசுக்காக அல்ல. வடகிழக்கே பெலிங்கா இரும்புத் தாதுக்காக. இந்தப் பாதை கட்டுபடியாகாது என்று உலக வங்கி கைவிரித்தது. அன்றைய அதிபர் ஓமர் போங்கோ விடவில்லை. எண்ணெய்ப் பணம் கையில் இருந்த காலம் அது. 1974-ல் வேலை தொடங்கி, 1978-ல் இன்ஜோலே வரை, 1983-ல் பூவே வரை, 1986 டிசம்பரில் ஃப்ரான்ஸ்வில் வரை வண்டி ஓடியது. ஃப்ரான்ஸ்வில் வட்டாரம் போங்கோவின் சொந்த ஊர்ப்பக்கம் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. பெலிங்காவுக்கு இன்றுவரை ரயில் போகவில்லை.

சரி, பயணம் எப்படி? பயணி வண்டிகள் பெரும்பாலும் ராத்திரியில்தான். எக்ஸ்பிரஸ் இருக்கிறது, எல்லா இடத்திலும் நிற்கும் ஒம்னிபஸ் இருக்கிறது. விஐபி, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என மூன்று வகை. ஏசி பெட்டியில் ஏறுகிறவர்கள் நிலநடுக்கோட்டு நாடுதானே என்று அரைக்கைச் சட்டையோடு ஏற வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் கம்பளியும் குல்லாயுமாக வருவதைப் பார்த்தாலே புரிந்துவிடும். மரக் கிடங்குகளில் யாரிடம் நல்ல கட்டை இருக்கிறது, எந்தச் சாலை மழையில் போய்விட்டது என்ற செய்திகள் வேண்டுமானால் இரண்டாம் வகுப்புதான். அங்கே யாரும் தூங்குவதும் இல்லை, தூங்க விடுவதும் இல்லை.

சிங்கிள் லைன் என்பதால் எல்லாமே எதிர் வண்டிக்கு வழிவிடும் கிராசிங்கைப் பொறுத்தது. நடுக்காட்டு நிலையத்தில் வண்டி நிற்கும். இஞ்சின் சத்தம் மட்டும். அப்புறம் தரை அதிரத் தொடங்கும். கறுத்த தாது நிரம்பிய வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாண ஊர்வலம் போல அவசரமே இல்லாமல் கடந்துபோகும். எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவேன். பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டிய பயணம் அதற்கு மேல் எவ்வளவு நீளும் என்பது எதிரே வருகிற வண்டிகளின் கையில்.

இடைநிலையங்களில் பெண்கள் தலையில் தட்டுடன் ஜன்னலோரம் வருவார்கள். இலையில் இறுக்கிச் சுற்றி, நாரால் கட்டி அவித்த மரவள்ளிக்கிழங்கு, பழம், வேர்க்கடலை. மரவள்ளியைப் புளிக்கவைத்து அரைத்துச் செய்வதால் முதல்முறை வாயில் வைக்கும்போது முகம் சுளிக்கும். கருவாட்டுத் துண்டோடு சாப்பிட்டுப் பாருங்கள், நம்ம நாக்குக்கு ஒத்துப்போகிறது. இங்கத்துப் பணமான சீஃபாவில் சில்லறை நாணயங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். வண்டி கிளம்பும்போது யாரும் பத்தாயிரம் நோட்டை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தாமதத்தால் எனக்குக் கிடைத்த லாபமும் உண்டு. ஃப்ரான்ஸ்வில்லிலிருந்து திரும்பும் வண்டி நேரத்துக்கு ஓடினால் லோப்பே தேசியப் பூங்கா இருட்டில் போய்விடும். பிந்தினால் அங்கே விடியும். அதுவரை ஜன்னலை உரசிக்கொண்டு வந்த காடு சட்டென்று விலகி, புல்வெளிக் குன்றுகள் வரும். கீழே ஓகோவே ஆறு பாறைகளுக்கிடையே நுரைத்துக்கொண்டு ஓடும். 2007-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ஒருமுறை காட்டெருமைகள் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். "மாடுதானே" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

பாதையின் நிலையும் மாறிக்கொண்டிருக்கிறது. மரச் சிலீப்பர் கட்டைகளை எடுத்துவிட்டு கான்கிரீட் போடும் பெரிய வேலை பல வருடங்களாக நடக்கிறது. மாற்றிய இடங்களில் ஓட்டம் சீராக இருப்பதை உட்கார்ந்திருக்கும்போதே உணர முடிகிறது. ஆனால் அடியில் இருக்கும் களிமண் மழையில் இளகுகிற மண். 2022 டிசம்பர் கடைசியில் மண் சரிந்து பாதை அறுந்தபோது தாதுவும் நின்றது, மரமும் நின்றது, ஊருக்குள் போகும் சாமானும் நின்றது. நாட்டுக்கு ஒரே பாதை என்றால் இதுதான் நிலைமை.

சாலையா ரயிலா என்று கேட்பவர்களுக்கு: ரயில்தான். செம்மண் சாலையில் மரலாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்துக்கொண்டு போவதைவிட நின்று நின்று போனாலும் இது மேல். பாஸ்போர்ட்டோ வதிவிட அட்டையோ கையில் இருக்கட்டும். லோப்பேவில் இறங்குவதாக இருந்தால், எந்த அகால நேரமானாலும் நிலையத்துக்கு ஆள் வருவாரா என்று தங்குமிடத்தில் முன்னாடியே கேட்டு வையுங்கள். லிப்ரவில் திரும்பும் அன்றைக்கே விமான டிக்கெட் மட்டும் போடாதீர்கள், மறுநாளுக்குப் போடுங்கள்.