கிட்ஹப் டீம் பிளான்: டீம் லீடுக்கு எவ்வளவு உதவும்?

மென்பொருள் கோட் மாற்றங்களைச் சேமித்துக் குழுவாக வேலை செய்ய உதவும் தளமான கிட்ஹப்பின் டீம் பிளானுக்கு ஆளுக்கு மாதம் 4 டாலர். இந்தக் காசு உண்மையில் ரிவ்யூ (ஒருவரின் கோட் மாற்றத்தை இன்னொருவர் சரிபார்ப்பது) வேலையைப் பங்கிடும் வசதிகளுக்காகத்தான். பிரைவேட் ரெப்போவில் (வெளியாருக்குத் தெரியாத கோட் தொகுப்பு) பிராஞ்ச் புரொடெக்‌ஷன் (நிபந்தனை தீராமல் முக்கியக் கிளையில் மாற்றம் சேராமல் தடுப்பது), கோட்ஓனர்ஸ் (எந்த ஃபைலுக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல்), டீம் ரிவ்யூ அசைன்மென்ட் (ரிவ்யூவை டீமுக்குள் தானாகப் பிரித்துத் தருவது) மூன்றும் கிடைக்கின்றன. சரியாக அமைத்தால் சீனியர் ஒருவர் தலையிலேயே எல்லா ரிவ்யூவும் விழுவது நிற்கும்.

பலரும் சறுக்குவது கோட்ஓனர்ஸ் ஃபைலில். அதில் கடைசியாகப் பொருந்தும் வரிதான் செல்லும். எல்லா ஃபைலுக்கும் பொருந்தும் நட்சத்திரக்குறி வரியைக் கீழே போட்டால் மேலே எழுதிய அத்தனையும் வீண். அதை முதல் வரியாக வையுங்கள். ஆள் பெயருக்குப் பதில் டீம் பெயர் எழுதுங்கள். அந்த டீமுக்கு ரெப்போவில் ரைட் (மாற்றம் எழுதும்) அனுமதி இல்லாவிட்டால் அந்த வரி வேலை செய்யாது, ரிவ்யூ கேட்டு யாருக்கும் தகவலும் போகாது. ஒரே வரியில் நாலு பேரைப் போட்டால் நாலு பேரும் பார்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் அப்ரூவ் செய்தாலே ஓனர் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை தீர்ந்துவிடும்.

அடுத்து, டீம் செட்டிங்ஸில் ரிவ்யூ அசைன்மென்ட். ரவுண்ட் ராபின் முறை வரிசையாகப் பிரித்துத் தரும். லோட் பேலன்ஸ் முறை கையில் இருக்கும் ரிவ்யூக்களையும் கணக்கில் எடுக்கும். ஸ்டேட்டஸில் ‘பிஸி’ போட்டவரைத் தேர்வு செய்யாது. விடுப்பில் போகிறவர்கள் இதைப் போடுவதை வழக்கமாக்குங்கள்.

ஒரு மாற்றத்துக்குத் தேவையான அப்ரூவல் எண்ணிக்கையை 6 வரை ஏற்றலாம். சாதாரண ரெப்போவுக்கு 1 போதும். கூட்டினால் ‘அடுத்தவர் பார்த்திருப்பார்’ என்று எல்லோரும் மேம்போக்காகத் தட்டிவிடுவார்கள். புதிய கமிட் (பதிவு செய்த கோட் மாற்றம்) வந்தால் பழைய அப்ரூவலை ரத்து செய்யும் தேர்வை மட்டும் மறக்காமல் போடுங்கள்.

கடுப்பேற்றும் குறை ஒன்று. பாத் ஃபில்டரால் (குறிப்பிட்ட ஃபைல்கள் மாறினால் மட்டும் ஓடச் சொல்லும் வடிகட்டி) ஒரு ஒர்க்ஃப்ளோ (தானாக ஓடும் சோதனை வேலைகளின் தொகுப்பு) ஓடாமல் போனால், அதன் கட்டாய செக் ‘பெண்டிங்’ நிலையிலேயே நின்று மெர்ஜை (மாற்றத்தை முக்கியக் கிளையில் சேர்ப்பதை) தடுக்கும். ஆவணத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் இதே கதி. ஒர்க்ஃப்ளோவை எப்போதும் ஓடவிட்டு, அதற்குள் இருக்கும் தனித்தனி ஜாப் அளவில் நிபந்தனை வையுங்கள். தவிர்க்கப்பட்ட ஜாப் ‘வெற்றி’ என்றே பதிவாகும்.

இன்சைட்ஸில் வரும், யார் எத்தனை கமிட் செய்தார் என்று காட்டும் கான்ட்ரிபியூட்டர்ஸ் கிராஃபை அப்ரைசல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஸ்குவாஷ் மெர்ஜில் பத்து கமிட் ஒன்றாகிவிடும். நாள் முழுக்க அடுத்தவரின் கோட் மாற்றங்களை ரிவ்யூ செய்தவரோ அதில் தெரியவே மாட்டார்.

பிரைவேட் ரெப்போவுக்கு மெர்ஜ் க்யூ (மெர்ஜ்களை வரிசையில் வைத்துச் சோதித்துச் சேர்க்கும் வசதி) வேண்டுமென்றால் இந்த பிளானில் கிடைக்காது, என்டர்பிரைஸ் கிளவுடுக்குத்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு மெர்ஜ் நடக்கும் டீமுக்கு அந்தச் செலவு தேவையில்லை. மெர்ஜுக்கு முன் பிராஞ்ச், முக்கியக் கிளையின் புதிய மாற்றங்களோடு அப்டேட் ஆகியிருக்க வேண்டும் என்ற தேர்வே போதும். டெஸ்ட் அரைமணி நேரம் ஓடுகிறது, மெர்ஜுக்கு ஆட்கள் முட்டிமோதுகிறார்கள் என்றால் மட்டும் மேலே போங்கள். அப்போது ஒர்க்ஃப்ளோவை ஓடத் தூண்டும் நிகழ்வுகளில் மெர்ஜ் குரூப் (merge_group) நிகழ்வையும் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் கட்டாய செக் ஓடவே ஓடாது, க்யூவும் நகராது.