நெர்வியின் இரு வழிகள்: களத்தில் வார்ப்பதா, முன்வார்த்துப் பொருத்துவதா?

கான்கிரீட் விளையாட்டரங்கம் எழுப்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை அச்சு) அடித்து நின்ற இடத்திலேயே வார்ப்பதா, துண்டுகளாக வார்த்துப் பின்னர் ஏற்றிப் பொருத்துவதா என்பதே. இத்தாலியப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வி இரண்டையும் செய்து காட்டியவர்.

ஃபுளோரன்ஸில் 1932இல் முடிந்த அரங்கம் முதல் வகை. பார்வையை மறைக்கும் தூண் எதுவும் முன்னே இல்லாமல் சுமார் 22 மீட்டர் நீளும் அதன் கூரையில், வளைவிசை, அதாவது கூரையை வளைக்க முயலும் விசை, பின்புறத் தாங்கலில்தான் உச்சமடைகிறது. ஆகவே விட்டங்கள் அங்கே பருத்து, நுனியில் மெலிகின்றன. தூணும் விட்டமும் ஒரே உடலாக இறுகுவது இம்முறையின் பெரும் பலம். ஆனால் அங்குள்ள சுருள் படிக்கட்டைப் போன்ற வளைவுக்குப் பலகை அடிப்பது தச்சருக்குக் கடும் உழைப்பு. அப்பலகை வேறிடத்தில் எளிதில் பயன்படாது.

ரோமில் 1960 ஒலிம்பிக்குக்காக, கட்டடக்கலைஞர் அன்னிபாலே வித்தெல்லோஸியுடன் இணைந்து 1957இல் முடித்த உள்ளரங்கம் மற்றது. சுமார் 60 மீட்டர் விட்டமுள்ள அதன் குவிமாடம் 1,620 முன்வார்ப்புத் துண்டுகளால் ஆனது. சாரத்தின்மேல் அடுக்கிய மெல்லிய சாய்சதுரத் தட்டுகளுக்கு இடையிலான பள்ளத்தில் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றினால், அதுவே கூரையைத் தாங்கும் விலா எலும்பு போன்ற விட்டமாகிறது. தட்டே அச்சு, தட்டே கூரை. என்ன அழகான சிக்கனம்! குவிமாடம் வெளிநோக்கித் தள்ளும் விசையை, ஒய் வடிவில் சாய்ந்த 36 தாங்கிகள் அடித்தள வளையத்துக்குக் கடத்துகின்றன.

ஒரே வடிவம் பலமுறை திரும்ப வருமானால் முன்வார்ப்பையே நான் தேர்வேன். ஆனால் ஒரு தட்டின் அளவு சிறிது பிசகினாலும் அது அடுத்தடுத்த தட்டுகளுக்குத் தொற்றும். களத்தில் வார்க்கும்போது அப்பிசகை அங்கேயே சரிசெய்துகொள்ள இடமுண்டு.