விளக்கை அணைத்த பிறகு: வீட்டு இருட்டறைக் கருவிகளோடு 11 வருடங்கள்

ஃபிலிமைக் கழுவிப் புகைப்படங்களைப் பிரிண்ட் போட, குளியலறையை இருட்டறையாகவும் பயன்படுத்தத் தொடங்கி 11 வருடங்கள் ஆகின்றன. இதற்குள் நெகட்டிவின் படத்தைத் தாளில் பெரிதாக்கி விழச்செய்யும் என்லார்ஜர் ஒருமுறை மாறிவிட்டது, டைமரும் ஃபிலிமைக் கழுவும் டாங்கும் மாறிவிட்டன. வாங்கும்போது நான் கவனித்த விஷயங்கள் ஒன்று, பிறகு வேலையில் கைகொடுத்தவை வேறு. வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். இருட்டில் விரலுக்குப் பிடிபடுகிறதா என்பதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

சின்ன உதாரணம், பிரிண்டைப் பிடித்துத் தூக்கும் இடுக்கிகள். கரைசல் ஊற்றிய மூன்று ட்ரேக்கு மூன்று நிறத்தில் வந்தன. ஆனால் சிவப்பு சேஃப்லைட்டின் (பிரிண்ட் தாளைப் பாதிக்காத மங்கல் விளக்கு) கீழே சிவப்பு இடுக்கியும் வெள்ளை இடுக்கியும் ஒரே மாதிரி வெளுப்பாகத் தெரியும். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரில் தோய்ந்த இடுக்கி, படத்தை வெளிக்கொணரும் டெவலப்பருக்குள் போனால் அந்த டெவலப்பரை நம்ப முடியாது. அதனால் பிடியில் அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டுகள் போட்டேன். அன்றிலிருந்து ஒருமுறைகூட மாறியதில்லை. இதே காரணத்தால் என் பழைய டைமரில் வெள்ளைத் தகட்டின் மேல் சிவப்பில் அச்சிட்டிருந்த எண்களும் வேலை நேரத்தில் காணாமல் போய்விடும். இருட்டறைக்கென்றே செய்த பொருளில் இப்படி ஒரு தவறு வந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

என்லார்ஜருக்கு வருகிறேன். முதலில் வைத்திருந்ததில் தண்டு மெலிது. சின்ன பிரிண்டுக்குக் குறையே தெரியாது. விளக்கும் லென்ஸும் உள்ள தலைப்பகுதியை மேலே ஏற்றி 12×16 அங்குலத்துக்குப் போனால், பக்கத்து அறையில் யாராவது நடந்தாலே படம் லேசாகக் கலங்கிவிடும். தண்டின் உச்சியைச் சுவரோடு ஒரு இரும்புப் பட்டையால் பிணைத்த பிறகுதான் அடங்கியது. அதைவிடப் பெரிய தொல்லை சாய்வு. நெகட்டிவ், லென்ஸ், அடிப்பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அதில் தலைப்பகுதியை நிறுத்தியிருந்தது ஒரே ஒரு திருகு. தோள் இடித்தாலே நகரும். பல மாதங்கள் பிரிண்டின் வலது மூலை மட்டும் மங்கலாக வந்துகொண்டிருந்தது. லென்ஸின் துளையை எஃப்/16 என்ற சிறிய அளவு வரை மூடி நானே அதை மறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு கண்ணாடிகளை வைத்துச் சரிபார்த்தேன். பலகையில் ஒன்று, லென்ஸ் இருக்கும் இடத்தில் நடுவே துளையிட்ட இன்னொன்று. துளை வழியாகப் பார்த்தால் பிம்பங்கள் ஒரே மையத்தில் வளையம் வளையமாக அடுக்கித் தெரிய வேண்டும். எனக்கு ஒரு பக்கமாகச் சரிந்து தெரிந்தன. இப்போதுள்ள என்லார்ஜரில் தண்டு தடிமன், சாய்வைப் பூட்டத் தனித்தனித் திருகுகள். ஆறு வருடத்தில் இரண்டு முறைதான் சரிசெய்தேன்.

நெகட்டிவைப் பிடித்து வைக்கும் சட்டமான நெகட்டிவ் கேரியரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கண்ணாடி இல்லாத கேரியரில் விளக்கின் சூடு பட்டதும் நெகட்டிவ் சட்டென்று வளைந்துவிடும், ஃபோகஸ் போய்விடும். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தால் தூசி உட்கார நான்கு பரப்புகள் கூடுகின்றன. போதாததற்கு, ஃபிலிமின் பளபளப்பான முதுகு கண்ணாடியில் ஒட்டும் இடத்தில் நியூட்டன் வளையங்கள் (வளையம் வளையமான ஒளிக்கோடுகள்) வேறு. நான் மேலே மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியை வைத்துக் கீழே திறந்து விட்டிருக்கிறேன். 35 மி.மீ. ஃபிலிமுக்கு இது நன்றாக ஒத்துவருகிறது.

ஃபில்டரை மாற்றியே கான்ட்ராஸ்டை (கறுப்பு-வெள்ளை வேறுபாட்டை) கூட்டிக் குறைக்கக்கூடிய மல்டிகிரேட் தாளை இல்ஃபோர்ட் 1940இல் கொண்டுவந்தது. ஆனாலும் ஃபில்டரை வைக்கும் தட்டு இல்லாத பழைய என்லார்ஜர்கள் நிறைய உண்டு. அவற்றில் ஃபில்டரை லென்ஸுக்குக் கீழே மாட்டுவார்கள். அங்கே ஒரு கைரேகை பட்டாலும் படத்தின் தெளிவு குறையும். விளக்குக்கும் நெகட்டிவுக்கும் நடுவே தட்டு இருந்தால் ஃபில்டரில் கீறல் விழுந்தால்கூடப் பெரிதாகப் பாதிக்காது. பழையது வாங்கப் போனால் நான் முதலில் தேடுவது இந்தத் தட்டைத்தான். அப்புறம், லென்ஸின் துளை வளையத்தில் ஒவ்வொரு நிலைக்கும் "டக்" என்று நிற்கிறதா என்று பார்ப்பேன். எஃப்/2.8இல் முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, மூன்று "டக்" எண்ணினால் எஃப்/8. குனிந்து பார்க்கவே வேண்டாம்.

இப்போது வைத்திருக்கும் டைமர் கிராலேப் 300. பெரிய முகம், இருட்டில் ஒளிரும் எண்கள். பிரிண்ட் வேலைக்கு அருமை. ஃபிலிமை முழு இருட்டில் ரீலில் (டாங்குக்குள் ஃபிலிமைச் சுற்றி வைக்கும் உருளை) ஏற்றும்போது மட்டும் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவேன்.

சேஃப்லைட்டை நம்பும் முன், அதன் கீழே தாளில் நாணயம் வைத்து, டெவலப் செய்தபின் நாணயத்தின் வட்டம் தெரிகிறதா என்று சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் தாளில் சோதித்தால் போதாது. முதலில் என்லார்ஜர் ஒளியை லேசாகக் காட்டி, டெவலப் செய்தால் வெளிர் சாம்பலாக வரும் அளவுக்குத் தாளைத் தயார்செய்துகொண்டு, அதன் மேல் நாணயத்தை வைத்து சேஃப்லைட்டில் காட்டுங்கள். என் விளக்கு வெறும் தாளில் பத்து நிமிடம் தாங்கியது. இந்தச் சோதனையில் நான்காம் நிமிடத்திலேயே நாணயத்தின் வட்டம் தெரிந்தது. விளக்கை இன்னும் தள்ளி மாட்டிய பிறகு கான்ட்ராஸ்டில் வந்த மாற்றம் கண்ணுக்கே தெரிந்தது.

ட்ரேக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அடியில் வரம்புகளும் மூலையில் ஊற்றும் மூக்கும் இருந்தால் சரி.

பிளாஸ்டிக் டாங்கில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ரீலைத் தாங்கும் நடுக்குழாய்தான் மூடியோடு சேர்ந்து வெளிச்சத்தைத் தடுக்கிறது. குழாயைப் போட மறந்தாலும் மூடி எந்தத் தடையுமில்லாமல் பொருந்திவிடும். மூடியது சரியாகத்தான் இருக்கிறது என்று கை ஏமாந்துவிடும். அப்படி ஒரு முழு ரோல் எனக்குக் கறுத்துப் போனது. திரும்ப எடுக்க முடியாத படங்கள் அவை. இப்போது மூடியதும், கலக்கும் குச்சியை மூடியின் துளை வழியாக விட்டு மெதுவாகச் சுற்றிப் பார்ப்பேன். குச்சியோடு குழாயும் ரீலும் சேர்ந்து சுழலும் கனம் விரலுக்குத் தெரிந்த பிறகே விளக்கைப் போடுகிறேன்.