அடால்ம்-புளூட்டோ: ஒட்டுக்கேட்பைத் தடுக்கும் சோதனைக்கு எவ்வளவு தேறும்?

இரு கருவிகளுக்கு இடையிலான வானலைத் தடத்தின் ஏற்ற இறக்கத்தை இருபுறமும் அளந்து, அதிலிருந்தே ரகசியச் சாவியை உருவாக்கிப் பார்க்க, அனலாக் டிவைசஸின் அடால்ம்-புளூட்டோ என்ற மென்பொருள்வழி ரேடியோ (எஸ்டிஆர்) நன்றாகவே தேறும். செயற்கை இரைச்சலால் ஒட்டுக்கேட்பவரைக் குழப்பும் சோதனைக்குத்தான் திணறுகிறது.

உள்ளே ஏடி9363 சிப். 325 மெகாஹெர்ட்ஸ் முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை. மூன்று கருவிகள் வேண்டும்: பேசிக்கொள்ள இரண்டு, ஒட்டுக்கேட்க ஒன்று. முதலில் கருவிகளைக் கேபிளில் இணைத்து நிரலைச் சரிபாருங்கள். நடுவே சிக்னலைத் தணிக்கும் 30 டெசிபல் அட்டெனுவேட்டர் இல்லாவிட்டால் ரிசீவர் பாழாகலாம்.

பலரும் சறுக்குவது ஏஜிசியில், அதாவது தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டில். சிக்னல் தாழ்ந்தால் அது பெருக்கத்தைக் கூட்டிவிடும். சாவிக்கு மூலப்பொருளான ஏற்ற இறக்கமே மட்டமாகிவிடும். பெருக்கத்தை நாமே நிர்ணயிக்கும் மேனுவல் கெயினுக்கு மாற்றியாக வேண்டும். அடுத்தது பஃபர், அதாவது சாம்பிள்கள் (சிக்னல் அளவீடுகள்) தற்காலிகமாகத் தங்கும் இடம். இயல்பாக நான்கு கெர்னல் பஃபர்கள் வரிசையில் நிற்பதால் கைக்கு வருவது பழைய சாம்பிள். எண்ணிக்கையை ஒன்றாகக் குறைக்கலாம், அல்லது முதல் சில பஃபர்களைத் தூக்கி எறியலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒருவர் நடக்கும் வேகத்துக்குத் தடம் ஏறக்குறைய 50 மில்லிசெகண்ட்தான் மாறாமல் இருக்கும். போகவர இரண்டு அளவீடும் அதற்குள் முடியாவிட்டால் இரு பக்கத்துச் சாவியும் பொருந்தாது. யூஎஸ்பி வழியாகக் கணினியை நம்பாமல், கருவிக்குள் இருக்கும் ஏஆர்எம் செயலியிலேயே நிரலை ஓட்டுவது மேல்.

சாவிக்கு ஃபேஸை (அலையின் கட்டத்தை) நம்ப வேண்டாம். அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் கிரிஸ்டலின் துல்லியம் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு), 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கருவியே 60 கிலோஹெர்ட்ஸ் வரை விலகலாம். சிக்னல் வலுவை மட்டும் எடுத்து, சராசரியைச் சுற்றி ஒரு காப்புப் பட்டை விட்டு, அதற்கு மேலே 1, கீழே 0 என்று பிரியுங்கள். பட்டை குறுகினால் பிட்டுகள் முரண்படும், அகன்றால் பிட்டே தேறாது. பிறகு இரு பக்கத்துப் பிட்டுகளையும் பொருத்தும் பிழைதிருத்தம், கடைசியில் அவற்றைச் சுருக்கிச் சாவியாக்கும் ஹேஷ். அறையில் எதுவும் அசையாவிட்டால் ஒரே பிட்டு திரும்பத் திரும்ப வரும். அது சாவியே அல்ல.

அரை அலைநீளம், அதாவது சுமார் 6 செ.மீ. தள்ளி நிற்பவருக்கு எதுவும் புரியாது என்பார்கள். நாலாபுறமும் எதிரொலிப்பு நிறைந்த இடத்தில்தான் அது செல்லும். நேர்ப்பார்வைத் தடம் இருந்தால் இன்னும் தள்ளி வைத்த மூன்றாவது கருவியும் கணிசமாக ஒத்துப்போகும். அதை அளக்காமல் சோதனையை முடிக்காதீர்கள்.

செயற்கை இரைச்சல் பெறுபவரைத் தொடாமல் ஒட்டுக்கேட்பவரை மட்டும் குழப்ப, பெறுபவரிடம் இருப்பதைவிட அனுப்புபவரிடம் அதிக ஆன்டெனா வேண்டும். புளூட்டோவில் வெளியே தெரிவது ஒரே அனுப்பும் முனை. ரெவ் சி பதிப்பில் அனுப்பும்-பெறும் முனைகளின் இரண்டாவது ஜோடி பெட்டிக்குள் யு.எஃப்.எல் என்ற சிறு இணைப்பியாக ஒளிந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து ஃபர்ம்வேர் அமைப்பையும் மாற்ற வேண்டும். இதுதான் முதன்மை நோக்கமென்றால் பிளேட்ஆர்எஃப் 2.0 மைக்ரோ போன்ற இரட்டைச் சேனல் பலகையையே வாங்கிவிடலாம்.